முட்டை அங்கே, நான் இங்கே

கேள்வி (2025 பிப்ரவரி 8)
எனக்கு 34 வயது. கல்யாணம் இப்போதைக்கு இல்லை, எப்போதுமே இல்லாமலும் போகலாம். வெளிநாட்டுக்குப் போய்க் கருமுட்டையை உறைய வைத்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். பத்து நாள் விடுப்பு போதும், ஊரையும் சுற்றிப் பார்த்த மாதிரி ஆகும் என்கிறார்கள். போய் வந்தவர்கள் யாராவது உண்டா? எந்த நாடு நல்லது?

2025 பிப்ரவரி 9
நான் போய் வந்தேன். 2019 நவம்பரில். அப்போது எனக்கு 35.

எங்கிருந்து எங்கே போனேன் என்று சொல்லப் போவதில்லை, மருத்துவமனையின் பெயரையும் கேட்காதீர்கள். வீட்டில் இன்னும் பாதிப் பேருக்குத் தெரியாது. ஏன் வெளிநாடு என்றால் மூன்று காரணம்: விதி, செலவு, மற்றவர்கள் வாய். விதி என்றது சட்டத்தை, தலையெழுத்தை அல்ல. அதுவும் கொஞ்சம் இருக்கலாம்.

ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று உங்களிடம் சொன்ன ஆளை எனக்கு ஒருமுறை காட்டுங்கள். தினமும் ஒரே நேரத்துக்கு வயிற்றில் ஊசி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன், கடைசி மூன்று நாலு நாள் மாடிப்படி இறங்கினாலே அடிவயிற்றில் இரண்டு எலுமிச்சம்பழம் உருள்கிற மாதிரி ஒரு கனம். நான் பார்த்த ஊர் எது தெரியுமா? காத்திருக்கும் அறை, மருந்துக்கடை, ஓட்டல் கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் ஒரு விரிசல்.

எனக்கு 11 முட்டை கிடைத்தது. பத்து நாள் ஏறக்குறைய சரிதான். எந்த நாடு என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் முட்டைக் கையிருப்பு எவ்வளவு என்று ஊகிக்க உதவும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையையும், சினைப்பையில் எத்தனை ஃபாலிக்கிள், அதாவது முட்டை வளரும் சிறு பை, தெரிகிறது என்கிற ஸ்கேனையும் இருக்கிற இடத்திலேயே எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் டிக்கெட் போடாதீர்கள்.

2025 பிப்ரவரி 9, இரவு
மேலே எழுதியதில் இரண்டு தப்பு.

பத்து நாள் போதாது. பழைய பாஸ்போர்ட்டை எடுத்து முத்திரையைப் பார்த்தேன், 16 நாள் இருந்திருக்கிறேன். மாதவிடாய் தொடங்கி இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஊசி ஆரம்பம். 8 நாளிலும் முடியலாம், 14 நாளும் இழுக்கலாம். எனக்கு 11 நாள். ஃபாலிக்கிள்கள் 18 மில்லிமீட்டர் சுற்றளவில் அல்ல, குறுக்களவில் வந்ததும் டிரிகர் ஊசி (முட்டையைக் கடைசியாக முதிர வைப்பது), அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்துக்குள் எடுக்கிறார்கள். அதன்பின் இரண்டு மூன்று நாளாவது அங்கேயே கிடக்க வேண்டும். உடம்புக்கு விமான நேரம் தெரியாது. திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாகப் பாருங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இரண்டாவது தப்பு அந்த 11. எடுத்ததுதான் 11. உறைந்தது 8. முதிர்ந்த முட்டையை மட்டும்தான் உறைய வைப்பார்கள். இரண்டு முதிரவில்லை, ஒன்று உருப்படியாக இல்லை.

ஐந்து வருடம் ஆகியும் கை தானாக 11 என்று எழுதுகிறதே என்று யோசித்தேன். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது என் புறங்கையில் நீலப் பேனாவால் 11 என்று எழுதியிருந்தது. அங்கே அப்படி ஒரு வழக்கம், அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று கையிலேயே எழுதிவிடுகிறார்கள். இரண்டு நாள் கழுவாமல் வைத்திருந்தேன். 8 என்கிற கணக்கு மறுநாள் காலை மின்னஞ்சலில்தான் வந்தது. அதை யாரும் கையில் எழுதவில்லை.

2025 பிப்ரவரி 11
"ஒரே தடவையில் இத்தனை முட்டையை எடுத்துவிட்டால் கையிருப்பு தீர்ந்து மாதவிடாய் சீக்கிரம் நின்றுவிடாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் சித்தியும் இதையேதான் கேட்டார், அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன்.

பிறக்கும்போது ஒரு பெண்ணுக்கு 10 லட்சம் முதல் 20 லட்சம் முட்டை. பருவத்துக்கு வரும்போது மூன்று நாலு லட்சம்தான் மிச்சம். அதன்பின் ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம் வளரக் கிளம்பும், அதில் ஒன்று மட்டும் முழுதாக முதிரும், மற்றவை தானாகவே அழியும். ஊசி செய்வது அழியப்போகிற அந்த மற்றவைகளில் சிலவற்றையும் தூக்கிவிடுவது. அடுத்த மாதத்துக் கணக்கில் கை வைப்பதில்லை.

சித்தி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ இத்தனை வருஷமா எல்லாம் வீணாத்தான் போச்சா" என்றார். அந்த வருத்தத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

2025 பிப்ரவரி 12
ஊசி வலிக்குமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பேனா மாதிரி வருகிற ஊசி வலிக்காது, கொசுக்கடிதான். பின்பகுதியைத் திருப்பினால் அளவு வரும், தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி சதையைக் கிள்ளிப் பிடித்துக் குத்த வேண்டும், பத்து வரை எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். எண்ணாமல் எடுத்தால் நுனியில் ஒரு சொட்டு நிற்கும், அந்தச் சொட்டின் விலையை நினைத்தால் அதுதான் வலி.

பொடியாக வருகிற மருந்து வேறு கதை. கண்ணாடிக் குப்பியில் பொடி, தனியாக நீர். நீரை ஊசியில் இழுத்து, பொடிக் குப்பியின் ஓரமாக விட்டு, குலுக்காமல் மெதுவாகச் சுழற்றி, தெளிந்ததும் திரும்ப இழுத்து, காற்றுக் குமிழை விரலால் சுண்டி மேலே ஏற்றி... இதையெல்லாம் ஓட்டல் அறைக் குளியலறைத் திண்ணையில், பல் துலக்கும் பிரஷுக்குப் பக்கத்தில், தனியாகச் செய்தேன். இரண்டாம் நாள் குப்பி கை தவறிப் போனது. உடையவில்லை. ஆனால் நான் தரையில் உட்கார்ந்து கால் மணி நேரம் அழுதேன். உடையாததற்கு எதற்கு அழுதேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்த மருந்து உள்ளே போகும்போது எரியும், அழுகையை அதன் கணக்கில் எழுதிவிட்டேன்.

எடுத்துச் செல்பவர்களுக்கு ஒன்று: மருந்தைக் கைப்பையில் வையுங்கள், விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வேண்டாம். உறைந்து போனால் அது மருந்தே இல்லை. ஊசி கொண்டு போவதற்கு மருத்துவரின் கடிதம் கட்டாயம். என் பையைத் திறந்த பாதுகாப்பு ஊழியர் கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நல்லபடியா நடக்கட்டும்" என்றார். முன்பின் தெரியாதவர். என் வீட்டில் யாரும் அதுவரை அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவில்லை.

2025 பிப்ரவரி 15
டிரிகர் ஊசியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் நான் கெடுக்கப் பார்த்தது அங்கேதான்.

மற்ற ஊசிகள் அரை மணி முன்பின் ஆனால் பரவாயில்லை என்றார்கள். இது அப்படி இல்லை. முட்டை கடைசியாக முதிர்ந்து, ஃபாலிக்கிளின் சுவரை விட்டுப் பிரிவதற்கு இந்த ஊசிதான் கட்டளை. சீக்கிரம் எடுத்தால் முட்டை சுவரைவிட்டு வராது, தாமதித்தால் தானாகவே வெளியேறிப் போய்விடும், எடுக்க ஒன்றும் இருக்காது. என்னிடம் இரவு 11.30 என்றார்கள்.

நான் ரொம்ப ஒழுங்கானவள் அல்லவா, கிளம்பும் முன்பே இந்த ஊசிகளுக்கெல்லாம் கைபேசியில் நினைவூட்டல் வைக்கப் பழகியிருந்தேன். அன்றைக்கும் வைத்தேன். நாட்காட்டி என் சொந்த நாட்டு நேரத்திலேயே பூட்டிக் கிடந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டு மணி நேர வித்தியாசம். நினைவூட்டல் இரவு 1.30க்கு அடிப்பதாக இருந்தது. நான் பத்து மணிக்கே படுத்துவிட்டேன்.

காப்பாற்றியது ஒரு காகிதத் துண்டு. மதியம் நர்ஸ் என் கையில் கொடுத்தது, கொட்டை எழுத்தில் 23.30, கீழே இரண்டு கோடு. தண்ணீர் குடிக்க எழுந்தவள் மேசை மேல் அதைப் பார்த்தேன், அறைக் கடிகாரத்தைப் பார்த்தேன். 11.22. எட்டு நிமிடத்தில் குளிர்பெட்டியைத் திறந்து, கையைக் கழுவி, குத்திக்கொண்டேன். முடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபோது இடது தொடை தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

1.30க்கு நினைவூட்டல் சரியாக அடித்தது. அணைத்துவிட்டுத் தூங்கினேன்.

2025 பிப்ரவரி 16
ஆமாம், "18 மில்லிமீட்டர் சுற்றளவில் அல்ல, குறுக்களவில்" என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு கணக்கு வாத்தியார் என்கிறீர்கள். சுற்றளவு என்று எழுதிவிட்டு அடிக்க மனம் வராமல் அப்படித் திருத்தினேன். போகட்டும்.

2025 பிப்ரவரி 20
"இது இன்னும் சோதனை முயற்சிதானே?" இல்லை. உறைந்த முட்டையிலிருந்து முதல் குழந்தைகள் 1986இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தார்கள், இரட்டையர். ஆனால் அதன்பின் ரொம்ப நாள் இது சூதாட்டமாகத்தான் இருந்தது. மனித முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, உடம்பிலேயே பெரிய செல், உள்ளே பெரும்பாலும் நீர். மெதுவாகக் குளிர்வித்தால் பனி ஊசிகள் உண்டாகி உள்ளே கிழித்துவிடும். ஒரே நொடியில் கண்ணாடி மாதிரி இறுகச் செய்யும் முறை வந்தபிறகுதான் நிலைமை மாறியது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012இல் சோதனை முயற்சி என்கிற முத்திரையை எடுத்தது.

எத்தனை முட்டை போதும் என்பதுதான் உண்மையான கேள்வி. 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் போட்ட ஒரு கணக்கை என் மருத்துவர் காட்டினார்: ஒரு குழந்தையாவது பிறப்பதற்கு 75 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் 34 வயதில் 10 முதிர்ந்த முட்டை, 37இல் 20, 42இல் 61. கடைசி எண்ணைப் பார்த்துச் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. இது கணக்குதான், உங்கள் உடம்பு அல்ல. ஆனால் சரிவு எவ்வளவு செங்குத்து என்று காட்டுகிறது.

கேட்டவருக்கு 34. அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன்.

என் 8 அந்தக் கணக்குக்குப் போதாது. இரண்டாவது சுற்றுக்கு 2020 ஏப்ரலில் டிக்கெட் போட்டிருந்தேன். மேற்கொண்டு எழுதத் தேவையில்லை. மார்ச்சிலேயே எல்லைகள் மூடின, மருத்துவச் சங்கங்கள் புதிய சிகிச்சைகளைத் தொடங்க வேண்டாம் என்றன. விமான நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. திறந்தபோது எனக்கு 37. அந்த வருடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் போகவே இல்லை.

2025 மார்ச் 2
நாடு. சரி, எழுதுகிறேன்.

எல்லோரும் எங்கே மலிவு என்று பார்க்கிறீர்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன். பார்க்க வேண்டியது வேறு. முட்டையை எடுக்க விடும் சட்டம் ஒன்று, அதைப் பயன்படுத்த விடும் சட்டம் இன்னொன்று. இரண்டும் ஒரே நாட்டிலேயே ஒத்துப்போவதில்லை.

சிங்கப்பூரில் 2023 ஜூலையிலிருந்து 21 முதல் 37 வயதுப் பெண்கள் மருத்துவக் காரணம் இல்லாமலும் உறைய வைக்கலாம், ஆனால் எடுத்துப் பயன்படுத்தச் சட்டப்படி திருமணம் ஆகியிருக்க வேண்டும். தைவானிலும் தனியாளாக உறைய வைக்கலாம், பயன்படுத்தக் கணவர் வேண்டும். பிரான்சில் 2021 சட்டத்துக்கு முன்னால் பெண்கள் ஸ்பெயினுக்கும் பெல்ஜியத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள், இப்போது 29 வயதிலிருந்து 37 நிறைவதற்குள் உள்நாட்டிலேயே செய்யலாம். சீனாவில் திருமணமாகாத பெண்ணுக்கு வழியே இல்லை. மருத்துவமனை மறுத்ததை எதிர்த்துப் பெய்ஜிங்கில் ஒரு பெண் வருடக்கணக்கில் வழக்கு நடத்தி, 2024இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். இந்தியாவில் 2021 சட்டப்படி சேமிப்பு 10 வருடம்தான். அங்கிருந்து முட்டையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். பிரிட்டனிலும் 10 வருடம்.

34 வயதில் உறைய வைத்து 10 வருடக் கெடு என்றால் 44. அது போதுமா போதாதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் கெடு இருக்கிறது என்று தெரிந்து போங்கள்.

2025 மார்ச் 3
பிரிட்டன் பற்றி எழுதியது பழைய சேதி. திருத்திய நண்பருக்கு நன்றி. 2022 ஜூலையிலிருந்து 55 வருடம் வரை வைத்திருக்கலாம், பத்து வருடத்துக்கு ஒருமுறை சம்மதத்தைப் புதுப்பிக்க வேண்டும். நான் 2019இல் விசாரித்தபோது இருந்ததையே தலையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் தப்பு செய்ததும் ஒரு வகையில் சாட்சிதான். நீங்கள் போகும் நாளில் இருக்கிற சட்டமும், முட்டையை எடுக்கத் திரும்பிப் போகிற நாளில் இருக்கிற சட்டமும் ஒன்றாக இருக்காது. பிரிட்டனில் நல்லபடியாக மாறியது. எங்கும் அப்படியே மாறும் என்று யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?

2025 மார்ச் 9
திரும்பி வரும் விமானம் பற்றி ஒருவர் கேட்டதும் நினைவு வந்தது. முட்டை எடுப்பது ஒன்றுமே இல்லை, மயக்க மருந்து, கால் மணி நேரம், முடிந்தது. அதன்பின் வருகிற ஐந்தாறு நாள்தான் ஆபத்து. சினைப்பை ஊதி, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்கும். லேசாகப் பலருக்கு வரும். எடை மளமளவென்று ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனை. நிறைய ஃபாலிக்கிள் இருப்பவர்களுக்கு இதைக் குறைக்கும் வகை டிரிகர் ஊசி உண்டு, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தினமும் எடை பார்க்கச் சொன்னார்கள். ஓட்டல் வரவேற்பில் போய் எடை பார்க்கும் கருவி வேண்டும் என்றேன். பத்து நிமிடத்தில் பையன் ஒருவன் பெட்டியைத் தொங்கவிட்டு நிறுக்கும் கொக்கியைக் கொண்டுவந்தான். "பெட்டிக்கு இல்லை, எனக்கு" என்றேன். அவன் கொக்கியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம், சிரித்தால் வயிறு வலித்தது, வலித்ததால் இன்னும் சிரிப்பு வந்தது. கடைசியில் கால்சட்டை நாடாவில் முடிச்சு விழும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, தினமும் அளந்தேன். மூன்றாம் நாள் கோடு நான்கு விரல் தள்ளிப் போனது, ஐந்தாம் நாளிலிருந்து திரும்பியது.

நான் மூன்றாம் நாள் விமானம் ஏறினேன். அது முட்டாள்தனம். கோடு தள்ளிக்கொண்டே போகும்போது எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். உடம்பில் அந்த அளவு ஹார்மோன் இருக்கும்போது ரத்தம் கட்டும் வாய்ப்பும் கூடுதல் என்று ஊர் வந்து சேர்ந்தபிறகுதான் படித்தேன். இங்கே வந்து காட்டப்போன மருத்துவர், "எங்கே செய்தீர்களோ அங்கேயே கேளுங்கள்" என்றார். அவர் பக்கமும் நியாயம் உண்டு, என் காகிதங்களை அவரால் படிக்கவே முடியவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நியாயம் தேவைப்படவில்லை.

போகும் முன்பே, திரும்பி வந்தபின் யார் பார்ப்பார்கள் என்று ஒருவரிடம் பேசி வைத்துவிடுங்கள்.

2025 மார்ச் 22
இரண்டு வாரமாக எழுதலாமா வேண்டாமா என்று வைத்திருந்தது.

2022இல் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது, அவர்கள் மொழியில். கைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்தேன். "உங்கள் முட்டைகள் புதிய பண்ணைக்கு மாற்றப்பட்டன" என்று வந்தது. கோழியாகிவிட்டேன். தெரிந்தவரிடம் கொடுத்துப் படித்தபோதுதான் புரிந்தது: அந்த மருத்துவமனை சேமிப்பை வேறு ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது, தொட்டிகள் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டன, ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். கடிதம் வந்து சேர்ந்தது 26ஆம் நாள். தொட்டி போனபின் எதை ஆட்சேபிப்பது?

அதுவரை எனக்கு முட்டை என்பது அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பச்சைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. மைனஸ் 196 டிகிரி, திரவ நைட்ரஜன், எஃகுக் குடுவை, கதவிடுக்கில் ஒருமுறை வெள்ளைப் புகையைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடினால் அந்தக் கதவு வரும். இப்போது கண்ணை மூடினால் ஒன்றும் வரவில்லை. நான் போகாத ஒரு தெருவில், என் உடம்பின் ஒரு பகுதி.

2018 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரே நாளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்களில் தொட்டி கோளாறாகி, ஆயிரக்கணக்கான முட்டைகளும் கருக்களும் பாதிக்கப்பட்டன. போவதற்கு முன்பே இதைப் படித்திருந்தேன், படித்துவிட்டுத்தான் போனேன். அப்போது அது சேதி. கடிதம் வந்த ராத்திரி அது என் பயமாகிவிட்டது. அலாரம் யாருக்குப் போகும், நைட்ரஜன் அளவை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறார்கள், எல்லா முட்டையும் ஒரே தொட்டியிலா, இரண்டிலா? 2019இல் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை 2022இல் அனுப்பினேன். பதில் வந்தது, மரியாதையாக, எல்லாவற்றுக்கும். கடைசிக் கேள்விக்கு: ஒரே தொட்டியில்.

சேமிப்புக் கட்டணம் முதல் வருடத்துக்கு மட்டும்தான் தொகுப்பில் சேர்த்தி என்பதும் அப்போதுதான் உறைத்தது. அதற்கு முன்பான இரண்டு நினைவூட்டல்கள் குப்பை அஞ்சலில் கிடந்தன. அங்கே இருப்பவர்கள் நேரில் போய்க் கேட்பார்கள். நமக்கு அந்த ஒரு மின்னஞ்சல் முகவரிதான் தொப்புள்கொடி.

2025 ஏப்ரல் 6
"அப்படியென்றால் இங்கே வரவழைத்துவிடலாமே" என்கிறீர்கள். 2023இல் முயன்று பார்த்தேன்.

வரவழைக்கலாம். உலர் குடுவை என்று ஒன்று இருக்கிறது, உள்சுவர் நைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஒரு வாரத்துக்கும் மேல் குளிர் தாங்கும். ஆள் ஒருவர் கையோடு கொண்டுவருவார், எக்ஸ்ரேயில் விடாமல். நான் தடுக்கி விழுந்தது குடுவையில் அல்ல, காகிதத்தில். இங்கே வாங்கிக்கொள்ள வேண்டிய மருத்துவமனை, முட்டை எடுப்பதற்கு முந்தைய குறிப்பிட்ட காலத்துக்குள் செய்த தொற்றுப் பரிசோதனை அறிக்கைகளைக் கேட்டது. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிஃபிலிஸ் எல்லாம் இருந்தன. இன்னும் ஒன்று கேட்டார்கள், அது அங்கே கட்டாயம் இல்லை, அதனால் எடுக்கவில்லை. இப்போது எடுத்துத் தருகிறேன் என்றேன். "இப்போதைய ரத்தம் வேண்டாம், 2019 ரத்தம் வேண்டும்" என்றார் அந்த அம்மா. கிண்டலாகச் சொல்லவில்லை, விதியைச் சொன்னார். ஆனால் 2019 ரத்தத்துக்கு நான் எங்கே போக?

இன்னொரு இடத்தில் தனித் தொட்டியில் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர்கள் கேட்டது வேறு: எந்த வகைத் தாங்கியில் (முட்டையை ஏற்றி உறைய வைக்கும் சிறு பட்டை) உறைய வைத்தார்கள், என்ன கரைசல், ஒரு தாங்கியில் எத்தனை? உருக்கும் முறை அதைப் பொறுத்தது. ஆய்வகக் குறிப்பு என்னிடம் இல்லை. எழுதிக் கேட்டு வாங்க ஏழு வாரம் ஆனது. நான்கு தாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு.

ஆக, போகிறவர்கள் இரண்டு வேலை செய்யுங்கள். பின்னால் கொண்டுவரக்கூடும் என்று நினைக்கிற இடத்தில் என்னென்ன பரிசோதனை கேட்பார்கள் என்று இப்போதே பட்டியல் வாங்கி, எல்லாவற்றையும் ஊசிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஆய்வகக் குறிப்பைக் கையில் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். மயக்கம் தெளிந்த மறுநாள் உங்களுக்கு எதுவும் தோன்றாது, அதனால் முந்தைய நாளே கேட்டு வையுங்கள்.

2025 ஏப்ரல் 7
வரவழைத்தேனா? இல்லை. ஏழு வாரம் காத்திருந்ததில் அலுப்பு வந்துவிட்டது. ஒரு காரணம் அது. இன்னொன்று, நகர்த்துகிற ஒவ்வொரு தடவையும் ஓர் ஆபத்து. மூன்றாவது, வந்துவிட்டால் முடிவெடுக்க வேண்டும். தூரத்தில் இருக்கும்வரை தூரத்தைக் காரணம் சொல்லலாம்.

2025 ஏப்ரல் 27
கேட்காமலே ஒன்று. அம்மாவுக்கு 2021இல்தான் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "தனியாவா போனே?" என்றார். ஆமாம் என்றேன். "மயக்க மருந்து குடுத்தப்போ வெளியே யார் உக்காந்திருந்தா?" யாரும் இல்லை என்றேன். அதற்கப்புறம் முட்டையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள், "இனிமே எங்கே போனாலும் சொல்லிட்டுப் போ" என்றார்.

மயக்க மருந்து கொடுத்த அன்றைக்கு வெளியே துணை இருக்க வேண்டும் என்று பல இடங்களில் விதியே இருக்கிறது. நான் போன இடத்தில் பணம் கட்டினால் ஒரு உதவியாளரைத் தருவார்கள், ஓட்டல் வரை கொண்டுவிட்டுப் போனார். அம்மா கேட்டது அதையல்ல என்று தெரியும்.

வருத்தப்படுகிறாயா என்று நேரடியாகக் கேட்டவருக்கு: செய்ததற்கு இல்லை. 8 முட்டை 8 குழந்தை அல்ல, உருக்கினால் எல்லாம் பிழைக்காது, பிழைத்தவற்றில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்த வேண்டும், அதில் சிலதான் கருவாகும், கருவான எல்லாம் நிற்காது. உருக்கும்வரை அவை நல்லவையா என்று பார்க்க வழியே இல்லை. இவையெல்லாம் தெரிந்துதான் செய்தேன். தெரியாமல் செய்தது தூரத்தை. போக 16 நாள் என்று கணக்குப் போட்டேன், அங்கேயே விட்டுவிட்டு வருவதற்கு எத்தனை வருடம் என்று போடவில்லை.

ஆனால் இதுவும் முழு உண்மை இல்லை. உள்நாட்டில்தான் செய்ய வேண்டும் என்று காத்திருந்தால் 35இல் செய்திருக்கவே மாட்டேன்.

2025 மே 18
கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். ஏஎம்எச் எடுத்துவிட்டாராம், எண் நன்றாக இருக்கிறது. முதல் ஆறு நாள் ஊசியும் ஸ்கேனும் இருக்கிற இடத்திலேயே செய்துகொள்ள ஒரு மருத்துவர் ஒத்துக்கொண்டாராம், அதன்பின்தான் பயணம். எனக்கு இது தோன்றவே இல்லை. அக்காவும் கூடப் போகிறாராம். என்ன எடுத்துப் போகட்டும் என்று கேட்டிருக்கிறார். நாடா வைத்த கால்சட்டை இரண்டு, மருத்துவர் கடிதத்தில் மூன்று பிரதி, கைபேசியோடு சேராத ஒரு கடிகாரம். அந்த நாட்டு நேரத்தை வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கும் இந்த வாரம் புதுப்பிக்கும் படிவம் வந்தது. இந்தத் தடவை குப்பை அஞ்சலில் போகவில்லை. நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு, நான் இறந்துவிட்டால் முட்டைகளை என்ன செய்வது: அழிக்கலாம், ஆய்வுக்குக் கொடுக்கலாம், வேறு ஒரு பெண்ணுக்குக் கொடுக்கலாம். இதுவரை அனுப்பிய ஒவ்வொரு தடவையும் அதைக் காலியாக விட்டே அனுப்பினேன், அவர்களும் கேட்கவில்லை. இந்தத் தடவை மூன்றாவது கட்டத்தில் குறி போட்டேன். போட்டுவிட்டு, 35 வயது வரம்புக்குள் எடுத்த முட்டையைத்தான் அப்படிக் கொடுக்க முடியும் என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்தேன். நான் எடுத்தது 35 முடிந்து இரண்டு மாதத்தில். அடித்துவிட்டு இரண்டாவது கட்டத்தில் குறி போட்டேன்.

மாலையில் ரசீது வந்தது. பெயர், தொட்டி எண், தாங்கி 4, முட்டை 8.